கேதத்துக்கு முதல் லைன்

போன மாதம் என் தங்கை மகள் ஜோதி காரைக்குடிக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே, "பெரியம்மா, ஞாயித்துக்கெழமை ஒரு கூட்டத்துல நீங்க பேசணும்" என்றாள். நான் ஓய்வு பெற்றதிலிருந்து என்னைப் பேசச் சொல்லி யாரும் அழைத்ததில்லை. கொஞ்சம் பேசாமல் இரு என்று சொன்னவர்கள்தான் உண்டு. எதைப் பற்றி என்று கேட்டேன். இணையச் சமநிலை என்றாள்.

அந்தச் சொல்லை டிவி விவாதங்களில் கேட்டிருக்கிறேன். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், நான் சேனலை மாற்றிவிடுவேன். ஜோதிதான் விளங்க வைத்தாள். இணையத்துக்கு லைன் கொடுக்கிற கம்பெனிகள் அதில் போகிற எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். கூடுதலாகக் கொடுப்பவரை முன்னால் விடுவதும், பிடிக்காதவரை இழுத்தடிப்பதும் கூடாது. இதைத் தனிச் சட்டமாகவே போட்டுவிட வேண்டும் என்று ஒரு கட்சி சொல்கிறது. சட்டம் போட்டால் போடுங்கள், ஆனால் சிலவற்றுக்கு விலக்கு வேண்டும் என்று இன்னொரு கட்சி சொல்கிறது. அந்த விலக்கில்தான் ஜோதியின் கண் இருந்தது.

அவள் கண்டரமாணிக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். டாக்டர் மதுரையில் உட்கார்ந்து திரையில் நோயாளியைப் பார்ப்பார், இவள் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைச் செய்வாள். பகலில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் ஊரே படமும் கிரிக்கெட்டும் பார்க்க உட்கார்ந்ததும் டாக்டரின் முகம் திரையில் அப்படியே நின்றுவிடும். வெந்நீர் கொட்டிய ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி உறைந்துபோன டாக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள் இவள். பிறகு போனில் கேட்டுத்தான் மருந்து போட்டாளாம்.

"மருத்துவத்துக்கு மட்டும் வழி விடணும்னு சட்டத்துல எழுதணும். நீங்கதான் அந்தக் காலத்துல டிரங்கால் லைன் குடுத்தீக. அவசரத்தை முன்னால விட்டோம்னு ஒரு வார்த்தை சொன்னா எடுபடும்" என்றாள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசனை வந்தது. நாங்கள் அவசரத்தை முன்னால் விட்டது உண்மை. அதில் பட்ட பாடும் உண்மை.

நான் வேலைக்குச் சேர்ந்தது காரைக்குடியில் இல்லை, இந்தப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். ஊர்ப் பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோபம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரே குரலில் "நம்பர் ப்ளீஸ்" சொல்லப் பழக்கினார்கள். எனக்கு அது கடைசிவரை முழுசாக வரவில்லை.

டிரங்கால் என்றால் என்னவென்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். வெளியூருக்குப் பேச நேரே டயல் செய்ய முடியாது. எங்களைக் கூப்பிட்டு நம்பரைச் சொல்ல வேண்டும், அல்லது எக்ஸ்சேஞ்சுக்கே வந்து வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். நாங்கள் ஒரு டிக்கெட்டில் எழுதி வரிசையில் வைப்போம். மெட்ராஸ் போகிற லைன் எங்கள் ஊரிலிருந்து இரண்டோ மூன்றோதான், அதிலும் ஒன்று எப்போதும் பழுதாகிப் படுத்திருக்கும். சாதாரண கால் என்றால் காத்திருக்க வேண்டும். அர்ஜென்ட் என்றால் கூடக் கொடுத்து முன்னால் வரலாம். லைட்னிங் என்றால் பல மடங்கு கொடுத்து எல்லோரையும் தாண்டிவிடலாம். இப்போது கட்சிக்காரர்கள் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்க்கிற அதே சமாச்சாரத்தை அன்றைக்கு நாங்கள் ரசீது போட்டு விற்றுக்கொண்டிருந்தோம்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. எங்கள் பக்கம் சாவு வீட்டுத் துக்கத்தைக் கேதம் என்போம். துக்கம் விசாரிக்கப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்போம். போனில் "கேதம்" என்று சொல்லிவிட்டால், பேசுகிறவர் பெயரையும் யார் இறந்தது என்பதையும் மட்டும் கேட்டு, டிக்கெட்டில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு எல்லாவற்றுக்கும் மேலே வைப்போம். காசு சாதாரணக் காலுக்கு உள்ளதுதான். லைட்னிங் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெரிய முதலாளியும் கேதத்துக்குப் பின்னால்தான்.

எங்கள் சூப்பர்வைசர் இருளப்பன் சார். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, மெல்லிய குரல். எங்கள் எல்லோரையும் "தாயி" என்றுதான் கூப்பிடுவார், அந்தத் தாயியைச் சொல்கிற விதத்திலேயே திட்டா பாராட்டா என்று தெரிந்துவிடும். அவருக்கு ஆகவே ஆகாத ஒன்று ஒட்டுக்கேட்பது. லைன் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு கீயைத் தள்ளிக் கேட்போம், அது முறைதான். இரண்டு பக்கமும் ஹலோ சொன்னதும் கீயை மேலே விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு மூச்சு நேரம் கை தங்கினாலும் பின்னாலிருந்து மேசையில் பேனா தட்டும் சத்தம் வரும். சண்டை, காதல், கல்யாணப் பேச்சு என்று எத்தனையோ நல்ல கதைகளைப் பாதியில் விட்டிருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

"லைன் குடுக்கத்தான் சம்பளம். காது குடுக்க இல்ல, தாயி" என்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம் கேதச் சலுகை சிக்கிக்கொண்டது. கேட்டால் கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஊரில் சாவு பெருகிவிட்டது. முகூர்த்த நாட்களில் லைன் நெருக்கடி, அன்றைக்கென்று பார்த்துச் சாவும் அதிகம். ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு மாமனார் ஒரே ஆனி மாதத்தில் இரண்டு தடவை இறந்தார். இன்னொருவரிடம், "போன வாரமும் அப்பாதானே சார் இறந்தாரு?" என்று நான் கேட்டதற்கு, "இது பெரியப்பா, நாங்க அவுகளையும் அப்பான்னுதான் கூப்பிடுவோம்" என்று பதில் வந்தது. உண்மையாகவே துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் இந்தப் பொய்த் துக்கங்களுக்குப் பின்னால் காத்துக் கிடந்தார்கள்.

நான் சாரிடம் போய், "கேதம்னு சொல்றவக பேசுறப்ப ரெண்டு வாக்கியம் கேட்டாப் போதும் சார், அழுகையா வியாபாரமான்னு தெரிஞ்சுபோகும். வியாபாரம்னா லைனைப் பிடுங்கிருவோம்" என்றேன்.

"இன்னைக்குப் பொய்யைப் பிடிக்கக் கேப்போம். நாளைக்கு வேற எதுக்குக் கேப்போம்?" என்றார்.

"அப்ப என்னதான் செய்ய?"

"கேதம்னு சொன்னா ஊருல என்ன செய்வாக? கேதம் கேக்கப் போவாக. நாமளும் போவோம்."

சொன்னபடி மறுநாள் காலையில் ஒரு பூமாலை வாங்கிக்கொண்டு ஜவுளிக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார். பெண்கள் இருக்கிற இடத்துக்குத் தனியாகப் போகக் கூடாது என்று என்னையும் கூட்டிப்போனார். முந்தின நாள் இறந்துபோன மாமனார் வாசலில் நாற்காலி போட்டு நுங்கு தின்றுகொண்டிருந்தார். மாலையைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க இது?" என்று கேட்டார். சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஒங்களுக்குத்தாங்க. நேத்து தவறிட்டீகன்னு சொல்லி மருமகன் மெட்ராசுக்கு லைன் கேட்டாரு. எக்ஸ்சேஞ்சு சார்பா வந்தோம்" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமனார் கடைக்கே போய் மருமகனைக் கேட்ட கேள்விகளை நான் இங்கே எழுத முடியாது. அதன் பிறகு யாராவது கேதம் என்றால் இரண்டு நாளுக்குள் மாலையோடு எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் வந்து நிற்பார்கள் என்று ஆகிவிட்டது. நிஜமாகத் துக்கம் நடந்த வீடுகளில் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பொய்ச் சாவு நின்றே போயிற்று. ஒரு பேச்சையும் ஒட்டுக்கேட்காமல் அவர் இதைச் சாதித்ததை நினைத்து எனக்கு அப்படியொரு பெருமை.

அந்தப் பெருமை முத்துலெட்சுமி வரும்வரை இருந்தது.

அவள் நெற்குப்பைப் பக்கத்துப் பெண், எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒருநாள் மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து எக்ஸ்சேஞ்சுக்கே வந்து, மெட்ராசில் ஒரு லாட்ஜ் நம்பரைச் சொல்லி, "கேதம்" என்றாள். யார் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்க மாமியாரு" என்றாள். சிவப்புக் கோடு போட்டு லைன் கொடுத்தேன். பேசிவிட்டு வெளியே வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் மாலையோடு போனோம். ஓட்டு வீடு, முன்னால் வேப்பமரம். இறந்துபோன மாமியார் மரத்தடியில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார், நல்ல திடகாத்திரமான அம்மாள். கதவு நிலையில் முத்துலெட்சுமி. எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உயிரோடு இருக்கிற மாமியாரைச் செத்ததாகச் சொன்ன மருமகள் அந்த வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் வரை இருக்க முடியாது. தாய் வீட்டுக்குப் போனாலும் என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் கிடையாது.

"வாங்க, யாரு நீங்க? மாலை யாருக்கு?" என்றார் அந்த அம்மாள்.

இருளப்பன் சார் முத்துலெட்சுமியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "கோவிலூருக்குப் போறோம்மா, கோயிலுக்கு. வெயிலு தாங்கல. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மருமகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி தரையில் சிந்தியது. மாமியார் எங்களிடம், கோயிலில் தன் மகனுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். மகன் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறப் போயிருக்கிறானாம். கடைசி நேரத்தில் அவனுக்கு மனசு மாறினால் நல்லது என்றார்.

தெருமுனை திரும்பியதும் பின்னால் ஓட்டமாக வந்தாள் முத்துலெட்சுமி. கையில் குடம், தண்ணீருக்குப் போகிற சாக்கு. "பொய்தான் சொன்னேன், சார். எங்க மாமியாரு, மேலுக்கு முடியல, சாகக் கெடக்கேன், ஒடனே வான்னு அவருக்கு ஆள் விட்டுப் பொய் சொல்லி அனுப்பிட்டாக. திரும்பி வந்துட்டா அப்பறம் இந்த ஜென்மத்துல போகமாட்டாரு. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, கப்பல் ஏறுங்கன்னு சொல்லணும். சாதாரணமாப் போட்டா அதுக்குள்ள அவரு ரயில் ஏறிருப்பாரு" என்றாள்.

மாமியார் சாகவில்லை என்று புருஷனுக்குச் சொல்வதற்காக மாமியார் செத்துவிட்டார் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சார் சிரிக்கவில்லை. "கப்பல் ஏறிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். அது அவளுக்கே அப்போது தெரியாது. ஏறிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டோம்.

திரும்பி வரும் வழியில் அந்த மாலை பெரிய தொல்லையாகிவிட்டது. கேதத்துக்கு வாங்கிய மாலையைச் சாமிக்குப் போட முடியாது, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. சார் அதைச் சைக்கிள் ஹாண்டில்பாரில் மாட்டியபடியே தள்ளிக்கொண்டு வந்தார். எதிரே வந்தவர்களெல்லாம் யார் போனது என்று கேட்டார்கள். கடைசியில் கண்மாய்க் கரையில் ஒரு புதரின் மேல் வைத்துவிட்டு, "இனிமே மாலை வாங்க வேணாம், தாயி" என்றார்.

"ஏன் சார்? பொய்யின்னு கண்டுபிடிச்சோம்ல?"

"கண்டுபிடிச்சோம். கண்டுபிடிச்சு அந்தப் புள்ளய வீட்ட விட்டு வெரட்ட இருந்தோம். இதுக்கு நீ சொன்ன மாதிரி ஒட்டுக்கேட்டே இருக்கலாம், ஒரு வீடும் கெட்டிருக்காது."

அதன் பிறகு அவர் கேதம் கேட்கப் போகவில்லை. மெட்ராசுக்கு இன்னொரு லைன் கொடுங்கள் என்று மேலே எழுதிக்கொண்டே இருந்தார். பொய்ச் சாவுகள் மெல்லத் திரும்பி வந்தன. இன்னொரு லைனும் வந்தது, அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகு. அப்புறம் நேரே டயல் செய்யும் வசதி வந்தது, நாங்கள் லைன் சேர்த்துக் கொடுத்த போர்டைக் கழற்றினார்கள், என்னைக் காரைக்குடிக்கு மாற்றினார்கள். கடைசி வருஷங்களில் இன்டர்நெட் புகார்களைக் கேட்கும் கவுண்டரில் உட்கார்ந்து, "மோடத்தை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றேன்.

கூட்டம் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். பேசியதையெல்லாம் தொகுத்துத் தொகுதி எம்.பி.க்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். சட்டம் வேண்டும் என்ற கட்சிக்கு ஒரு வக்கீல் வந்திருந்தார். விலக்கு வேண்டும் என்ற கட்சிக்கு அதன் ஐ.டி. அணிப் பொறுப்பாளர். இவர்கள் நடுவில் பிரபு என்று ஒரு இளைஞர், இணைய கம்பெனி ஒன்றில் என்ஜினியர்.

வக்கீல், "ஆஸ்பத்திரின்னு சொல்லித்தான் கதவைத் தெறப்பாக. பின்னாடியே காசுள்ளவுக எல்லாம் நுழைஞ்சிருவாக" என்றார். அணிப் பொறுப்பாளர், "ரோட்டுல ஆம்புலன்சுக்கு வழி விடுறமே, அப்ப சமத்துவம் கெட்டா போச்சு?" என்றார். இரண்டுக்கும் நான் தலையாட்டினேன். ஜோதி என்னை முழங்கையால் இடித்தாள்.

என் முறை வந்ததும் கேதச் சலுகையையும் மாலையையும் முத்துலெட்சுமியையும் சொன்னேன். நுங்கு தின்ற மாமனாருக்குக் கூடமே சிரித்தது. பிறகு எனக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றைப் பிரபுவிடம் கேட்டேன். "இது வைத்தியம், இது சினிமான்னு ஒங்க மிஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? உள்ள பாத்தா?"

அவர் நன்றாகவே பதில் சொன்னார். உள்ளே பார்க்க வேண்டியதில்லை, எல்லாம் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் வருகிறது, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகிறது என்பதை வைத்தே முன்னால் விடலாம் என்றார். கிளினிக் முகவரியைப் பதிந்து வைத்தால் போதுமாம். ஆம்புலன்சில் காய்கறி ஏற்றினால் என்று வக்கீல் கேட்டார். பதிந்தது நிஜக் கிளினிக்தானா என்று நேரில் போய்ப் பார்க்கிற சோதனை உண்டு என்றார் பிரபு. கேதம் கேட்கப் போவது மாதிரி என்று நான் சொல்ல, மறுபடியும் சிரித்தார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துக்கூட இருந்தது. ஒட்டுக்கேட்காமல் முடியும் என்றால் இருளப்பன் சாரே ஒத்துக்கொண்டிருப்பார். ஜோதி ஜெயித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவளோ சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மா, அன்னைக்கு அந்தப் பொண்ணுக்குக் குடுத்த லைன் யாருக்குப் போக வேண்டியது?" என்று கேட்டாள்.

பெஞ்சில் ஒருவர் காத்திருந்தார். காட்டு வேலை பார்க்கிற சம்சாரி, தோளில் துண்டு. காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார், மெட்ராசுக்குச் சாதாரணக் கால். அடுத்தது அவருடையதுதான். கேதம் என்றதும் அவரே எழுந்து முத்துலெட்சுமிக்கு இடம் விட்டார். அவள் பேசி முடித்ததும் லைன் படுத்துவிட்டது, பொழுது சாயும்வரை எழவில்லை. நாளைக்கு வாங்க என்றேன். சரி என்று துண்டை உதறிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கேட்டதால் சொன்னேன்.

"அவரு எதுக்குப் பேச வந்தாரு?"

"கேக்கலத்தா. சாதாரணக் காலுக்குக் காரணம் கேக்குறதில்ல."

ஜோதி பிரபுவிடம் திரும்பினாள். "எங்க கிளினிக்கை முன்னால விட்டா யாரு பின்னால போவாக?"

"லைன் நெரிசலா இருந்தா மத்த எல்லாரும் கொஞ்சங் கொஞ்சம் போவாங்க, சிஸ்டர்."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நெட்டு ஸ்லோவா இருக்குன்னு நெனச்சுக்குவாங்க."

ஜோதி எம்.பி.க்கு அனுப்ப எழுதி வந்திருந்த தன் மனுவை எடுத்து, மேசையிலேயே குனிந்து நின்று கீழே எழுதினாள். கிளினிக்குக்கு முன்னுரிமை வேண்டும் என்பதை அவள் அடிக்கவில்லை, அந்தக் குழந்தையைப் பார்த்தவள் எப்படி அடிப்பாள். பின்னால் தள்ளப்படுகிறவருக்கு அந்த நேரமே அதைச் சொல்ல வேண்டும், எனக்கும் அவசரம் என்று அவர் சொல்ல ஒரு வழி வைக்க வேண்டும் என்று சேர்த்தாள். இப்படி எழுதினால் எடுபடாது என்றார் வக்கீல். நடைமுறைக்கு ஒத்துவராது என்றார் அணிப் பொறுப்பாளர். இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவள், "அந்த ஆளு பேரு என்ன, பெரியம்மா?" என்று கேட்டாள்.

ஜவுளிக்கடைக்காரர் பெயர், அவருடைய மாமனார் பெயர், முத்துலெட்சுமி, அவள் மாமியார், எல்லார் பெயரும் எனக்கு நினைவிருக்கிறது. கேதம் என்று சொன்னவர்களிடம் பெயர் கேட்போம். அவரிடம் நான் கேட்டது மெட்ராஸ் நம்பர் மட்டும்தான்.